ராகுகாலத்தில் விழுந்த பிள்ளையார் சுழி

கல்யாணம் ஆகிற வரைக்கும் ஒரு மனிதனுக்கு ரசம் என்றால் அவன் அம்மா வைக்கிற ரசம்தான். முதல் தடவையாக வேறு வீட்டு ரசத்தைக் குடிக்கிறபோது, "என்ன இது, இவங்களுக்கு ரசமே வைக்கத் தெரியலையே" என்று நினைப்பானே தவிர, தனக்கு ஒரே ஒரு ரசம்தான் தெரியும் என்று நினைக்கவே மாட்டான். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் சி என்கிற நிரல் மொழியைக் கற்றுக்கொண்டவன் கதையும் இதுதான். எண்பதுகளின் கடைசியில் மதுரையில் அப்படி ஒருத்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். எண்ணெய் வழியும் தலை, தொளதொள பேன்ட், எதைக் கேட்டாலும் "அது ஈசி" என்கிற பதில். (நான்தான். வேறு யாரைச் சொல்லப்போகிறேன்?)

மேலமாசி வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பாண்டியண்ணன், நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பாண்டியண்ணன்தான் முதலாளி. ஊரெல்லாம் பேசி ஆர்டர் பிடித்து வருவது அவர் வேலை, அவர் பேசியதை எப்படியாவது உண்மையாக்குவது என் வேலை. கீழே அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிற சத்தத்துக்கு நடுவே நான் எழுதி முடித்தது ஒரு ஸ்பூலர். பெயர்தான் மிரட்டும். ஒரே பிரிண்டருக்குப் பல பேர் பல பக்கத்திலிருந்து அச்சடிக்க அனுப்பினால், எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக உள்ளே விடுகிற நிரல் அது. ரேஷன் கடை வாசலில் நின்று க்யூவை ஒழுங்குபடுத்துகிற ஆளின் வேலை. மெஷினுக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. எங்கள் கம்ப்யூட்டரில் அது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் புதிதாக யுனிக்ஸில் ஓடுகிற வேறு வகைக் கம்ப்யூட்டர் இறக்கியிருக்கிறார்கள் என்று பாண்டியண்ணனுக்கு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு போய் மில் முதலாளி முன்னால் உட்கார்ந்தார்.

"எங்க தம்பி சி-யில எழுதியிருக்கான் முதலாளி. சி-ல எழுதினா எந்த மெஷின்லயும் ஓடும். ஒரு எழுத்து மாத்த வேணாம். இந்த வாட்ச்சைக் கழத்தி அந்தக் கையில கட்டுற மாதிரி."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

"அது ஈசி சார்" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. அந்த மில்லின் தலைமை அக்கவுண்டன்ட் சங்கரலிங்கம். அவருடைய மகள் வாசுகியைத்தான் அதற்குச் சற்று முன்னால் நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவர்கள் வீடு பரவையில். பஜ்ஜி, கேசரி, காபி. அம்மா பேசினாள், சித்தப்பா பேசினார், புரோக்கர் பேசினார். "பையனுக்குப் பிடிச்சிருக்கானு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்று யாரோ சொன்னதற்கும் அம்மாவே, "அவனுக்கென்ன, நாங்க சொன்னாச் சரிதான்" என்று முடித்துவிட்டாள். நான் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. வாசுகி காபித் தட்டோடு வந்தபோது அந்த மின்விசிறிக் காற்றில் சுவரில் இருந்த காலண்டர் ஆணியோடு கழன்று விழுந்தது. அவள் ஒரு கையில் தட்டைப் பிடித்தபடியே மறுகையால் அதை அந்தரத்தில் பிடித்து, ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி என் பக்கம் காபியை நீட்டினாள். கண்ணில் மட்டும் சிரிப்பு. அந்த நிமிஷம் எனக்கு உள்ளே என்னமோ ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பையன்கள் "எனக்கு இந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வதும், சட்டையில்லாமல் கடைத்தெருவுக்குப் போவதும் ஒன்று.

சங்கரலிங்கம், "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்று சொன்னதோடு சரி. அதற்கப்புறம் பதிலே இல்லை. ஆகவே நான் ஒரு கணக்குப் போட்டேன். மில்லில் என் நிரல் ஓடும். முதலாளி மெச்சுவார். சங்கரலிங்கம் அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அன்று சாயங்காலமே வீட்டில் போய், "பையன் கெட்டிக்காரன்மா" என்பார். எனக்கு வேலையும் பெண்ணும் கிடைப்பது அந்த ஒரு பிரிண்டரைத்தான் நம்பியிருந்தது.

நிரலைக் கொண்டுபோய் மில் மெஷினில் ஏற்றினேன். தவறு என்று ஒரு வரிகூட வரவில்லை, சமத்தாக ஏறிக்கொண்டது. அச்சடித்தும் பார்த்துவிடலாம் என்று பிரிண்டர் பக்கம் போனபோது முதலாளி தடுத்துவிட்டார்.

"தம்பி, புதுக் கணக்கு நோட்டுல பிள்ளையார் சுழி போடாம ஒரு எழுத்து எழுதுவமா? மெஷினுக்கு மட்டும் தனிச் சட்டமா? வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல முதமுதல்ல சுழி விழணும். சுழி மட்டும் விழணும். கற்பூரம் காட்டினப்புறம்தான் மத்ததெல்லாம்."

எனக்கும் அதில் ஒரு ஆட்சேபமும் தோன்றவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய நேரத்தை எல்லாம், கட்டம் போட்ட தாளில் நட்சத்திரக் குறிகளை அடுக்கி அழகான ஒரு 'உ' வரைவதில் செலவழித்தேன். வால் நன்றாக நீண்டு போகிற மாதிரி. (அந்த வாலுக்கு நான் பட்ட பாட்டில் பாதியை நிரலுக்குப் பட்டிருக்கலாம்.)

வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் சுழி விழுந்தாக வேண்டும். ஏசி அறை வாசலில் செருப்பையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். பிரிண்டருக்கும் அப்படியே. பிரிண்டருக்கு முன்னால் ஸ்டூலில் கற்பூரத் தட்டு. முதலாளி, சங்கரலிங்கம், ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் பிரிண்டரைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். என் திரை என் பக்கம் திரும்பியிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. பாண்டியண்ணன் கண்ணைக் காட்டினார். நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு என்டர் தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினேன். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் கூப்பிய கையை எடுக்காமல் நிற்கிறார்கள். ஸ்பூலரில் நேரடியாக ஒரு வரி அடித்து பிரிண்டருக்கு அனுப்புகிற வசதி வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தில் 'சோதனை' என்று அடித்தேன். திரையில் 'அனுப்பியாயிற்று' என்று பதில் வந்தது. பிரிண்டர் அசையவில்லை.

பாண்டியண்ணன் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தார். "என்ன மாப்ள?"

"போகுதுண்ணே. வரலைண்ணே."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"தெரியலண்ணே. நிரலை நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கவா?"

அண்ணன் முகம் வெளிறிப்போனது. "பூஜை போட்ட மெஷினை நிறுத்துறதா? முதலாளி என்னைய உரிச்சுப்புடுவாரு. கை நிக்காம அடிச்சுக்கிட்டே இரு மாப்ள. கை நின்னாத்தான் நமக்கு ஒண்ணும் தெரியலைன்னு கண்டுபிடிப்பாங்க."

அடித்துக்கொண்டே இரு என்றால் எதை அடிப்பது? முதலில் 'சோதனை' என்றே அடித்தேன். அது அலுத்துப்போனது. கழுத்தெல்லாம் வேர்வை. வாய்விட்டுப் புலம்ப முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவன் விரல்விட்டுப் புலம்ப ஆரம்பித்தேன். எப்படியும் போய்ச் சேரவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். மனசில் வருவதை வருகிற வரிசையில் அடித்தேன். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ பெரிய காரியம் பண்ணுகிற மாதிரிதான் இருந்திருக்கும். ஆபீஸ் ஆள் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "என்ன வேகமா அடிக்கிறாப்ல பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

கடிகாரத்தில் பத்தரை. முதலாளி கையை இறக்கினார்.

"சரி, ராகுகாலம் வந்துருச்சு. மூடுங்கப்பா. இன்னொரு நாள் பாப்போம்."

சங்கரலிங்கம் என்னைப் பார்க்கவே இல்லை. வாசுகி கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே, நிரலை மூடுகிற கட்டளையை அடித்து என்டர் தட்டினேன்.

பிரிண்டர் கிறீச்சென்று கத்தியது.

தலை இடமும் வலமுமாக ஓட, தாள் ஒவ்வொரு வரியாக மேலே ஏற, நட்சத்திரம் நட்சத்திரமாக என் பிள்ளையார் சுழி வந்து விழுந்தது. வால்கூடக் கொஞ்சமும் கோணவில்லை. "ஆகா!" என்றார் முதலாளி. யாரோ மணி அடித்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். ராகுகாலத்தை எல்லாரும் மறந்தே போனார்கள். பாண்டியண்ணன் என் முதுகில் ஒரு அறை விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான், அது நாலைந்து மூச்சு விடுகிற நேரம்.

ஏனென்றால் பிரிண்டர் நிற்கவில்லை.

சுழிக்குக் கீழே இன்னொரு சுழி வந்தது. அதற்குக் கீழே 'சோதனை'. இன்னொரு 'சோதனை'. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நான் அடித்தது ஒன்றுகூடத் தொலைந்து போகவில்லை. எல்லாம் எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருந்து, இப்போது அடித்த வரிசையில் வந்துகொண்டிருக்கிறது. பாய்ந்து போய் சுவிட்சை அணைக்கப் போனேன். பாண்டியண்ணன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "கற்பூரம் எரியுதுடா, தொடாத!"

முதலாளியிடம் கண்ணாடி இல்லை. "என்னமோ வருதே. சங்கரலிங்கம், என்னன்னு படிங்க."

சங்கரலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைக் கையில் ஏந்தி, வரவு செலவு வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

"வாடா ராசா. வந்து தொலையேண்டா. எல்லாரும் பிரிண்டரைக் கும்பிடுறாங்க, நான் உன் கால்ல விழுறேன்."

"அட!" என்றார் முதலாளி.

"எந்த மெஷின்லயும் ஓடும்னு பாண்டியண்ணன் விட்டது பூராம் புளுகு. வேற மெஷினை அவர் கண்ணால பாத்ததே இல்லை."

என் இடுப்பைப் பிடித்திருந்த கை தானாகக் கழன்றது.

"முதலாளி தொப்பை பிரிண்டர்ல இடிக்குது. அதுக்குப் பயந்துதான் வரமாட்டேங்குதோ என்னமோ."

முதலாளி குனிந்து பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். சங்கரலிங்கம் தொடர்ந்தார்.

"சங்கரலிங்கம் சார் உத்திரத்தை முழுங்கின மாதிரி நிக்கிறார். பொண்ணு குடுக்க மாட்டார்."

அவர் பெயரை அவரே வாசித்தபோதும் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வரிக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். 'வாசுகியை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. போச்சு.'

"அப்புறம்?" என்றார் முதலாளி.

சர்ரென்று தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அவ்வளவுதாங்கய்யா. வேற ஒண்ணுமில்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு பிரிண்டரில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். "பிள்ளையாருக்குத் தொப்பை இருக்கலாம், எனக்கு இருக்கக் கூடாதாக்கும்?" என்றார். யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. "திங்கக்கிழமை வந்து இந்தத் தம்பியே சரிபண்ணிக் குடுக்கட்டும். பாண்டி வர வேணாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் பாண்டியண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் பின் சீட்டில். பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை தனியாகப் போய் உட்கார்ந்தேன். கோளாறு என்னவென்று கண்டுபிடித்தபோது சிரிப்பதா அழுவதா என்றிருந்தது. நாம் சி-யில் எழுதுகிற நிரல் பிரிண்டரோடு நேராகப் பேசுவதில்லை. நடுவில் லைப்ரரி என்று ஒன்று, பந்தி பரிமாறுகிற ஆள் மாதிரி. அந்த ஆளை ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் மெஷினுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்கிறான். எங்கள் ஆபீஸ் மெஷினில் இருந்த ஆள் ஒரு கரண்டி சாம்பார் கொடுத்தாலும் அப்போதே ஓடிப்போய் இலையில் ஊற்றிவிட்டு வருவான். மில் மெஷினில் இருந்தவன் வாளி நிறைந்தால்தான் எழுந்திருப்பான். இல்லையென்றால் பந்தி முடிந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். அன்று நிரலை மூடியபோது நான் சொன்னது அதைத்தான். சம்பளப் பட்டியல் மாதிரிப் பெரிதாக எதையாவது அனுப்பியிருந்தால் வாளி நிறைந்து தானாகவே வந்திருக்கும். நாங்கள் அனுப்பியதோ ஒரே ஒரு சுழி. என் புலம்பலும் வாளிக்குக் கொஞ்சம் பற்றவில்லை.

இரண்டு பேர் செய்வதிலும் தப்பில்லை. 'அச்சடி' என்று சொன்னால் அச்சடிக்க வேண்டும் என்பதுதான் மொழியின் பேச்சு. எப்போது என்று மொழி வாக்குக் கொடுக்கவே இல்லை. நானாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் சி மொழியின் சட்டம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, பாத்திரக்கடை மாடியில் இருந்த ஒரு மெஷினின் வழக்கம், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் அனுப்பியதும் 'உடனே கொண்டுபோய்க் கொடு' என்று சொல்கிற ஒரு வரியைச் சேர்த்தேன். சுழி அடுத்த நொடியே விழுந்தது.

ஆனால் சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் விடுமா? நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் இதே கூத்து. மெமரியில் கேட்டு வாங்குகிற இடம் துடைத்துச் சுத்தமாகத்தான் கிடைக்கும் என்று நானே நம்பிய இடம், கோப்பு திறக்காமல் போனால் லைப்ரரி இன்ன பதில்தான் சொல்லும் என்று நானே நம்பிய இடம். அதையெல்லாம் பொறுக்கி எடுத்துத் தனிக் கோப்பில் போட்டேன். எங்கள் மெஷினுக்கு ஒன்று, மில் மெஷினுக்கு ஒன்று. மற்ற நிரலுக்கு எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டியதே இல்லை, அந்தச் சின்னக் கோப்பு வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ளும். பிற்பாடு எத்தனையோ மெஷின்களில் வேலை பார்த்துவிட்டேன், அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன்.

மத்தியானம் சங்கரலிங்கம் வந்து பக்கத்தில் நின்றார். எழுந்து நின்றேன்.

"சரியாயிருச்சா தம்பி?"

"ஆயிருச்சு சார். சார், அன்னைக்கு... என்னை மன்னிச்சிருங்க சார். மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்கு."

அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மேல ஃபேனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீக. அவருக்கு இஷ்டமில்லப்பா, வீட்ல இழுத்துட்டு வந்திருக்காக, வேணாம்னு சொல்லிருங்கன்னு எங்க புள்ள சொல்லிருச்சு. அதை எப்படி உங்க வீட்ல சொல்றதுன்னுதான் நானும் இழுத்துக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவு நாளும் அந்த வீட்டில் எனக்கு இஷ்டமில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அவர்கள் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போயி அந்தத் தாளைப் புள்ளைகிட்டக் குடுத்தேன்" என்றார்.

"பூராத்தையுமா சார்?"

"பூராத்தையும்தான். உத்திரத்தைப் படிச்சுட்டு அவுக அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சுச்சு. கடைசி வரியைப் படிச்சுட்டு உள்ள போயிருச்சு." பிரிண்டரில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். "சாயங்காலம் வெளிய வந்து, சரிப்பான்னு சொல்லிருச்சு. உங்கம்மாவை ஒரு நாள் வரச் சொல்லுங்க தம்பி."

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பாண்டியண்ணன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், ஆனால் மொய் எழுதும்போது, "'புளுகுமூட்டை பாண்டி'ன்னு எழுதிக்கங்க" என்று சத்தமாகச் சொன்னார். மில் முதலாளி மேடையேறி என்னோடு போட்டோவுக்கு நிற்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து என் மாமனார் வகையறாவில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், மாப்பிள்ளைப் பையன் உம்மென்று உட்கார்ந்திருந்தால் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "அவருக்கு ஒரு கம்ப்யூட்டரைக் குடுங்கடி, மனசுல உள்ளது வெளிய வரட்டும்." மச்சினிகள் சொல்வார்கள், அவர்கள் பிள்ளைகள் சொல்வார்கள். மாமனார் மட்டும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் பையன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். பெரியவர்களே பேசிக்கொண்டிருந்தோம். மூலையில் நாற்காலியில் காது சரியாகக் கேட்காமல் உட்கார்ந்திருந்த என் மாமனார், பையனை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தத் தம்பிக்கும் பிரிண்டர் வேணும் போலிருக்கே" என்றார். வீடே வெடித்துச் சிரித்தது. சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மகளே நடுக்கூடத்தில் நின்று, தொப்பை முதல் உத்திரம் வரை ஒன்றும் விடாமல் கதையைச் சொல்லி முடித்தாள்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவளைப் பார்த்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றான்.

சமையலறை வாசலில் நின்றிருந்த வாசுகி என் விலாவில் இடித்தாள். "பாத்தீங்களா? மெஷினே இல்லாம சொல்லிட்டாரு!"